ஐந்தாவது நட்டு

நான்கு நட்டுகள் வரைக்கும் ஸ்பானரக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்தாவதை இறுக்கினாளா இல்லையா என்பதுதான் நினைவில் இல்லை.

சிவப்புக் கார் அதற்குள் கிளம்பிப் போய் முதல் வளைவில் மறைந்துவிட்டது. மணி நான்கு இருபத்திரண்டு. காலை ஆறு மணிக்குத் தொடங்கிய பந்தயம் மாலை ஆறு மணிக்குத்தான் முடியும். பன்னிரண்டு மணி நேரம் ஒரே கார் ஓட வேண்டும். ஓட்டுகிறவர்கள் மாறிக்கொள்ளலாம், பெட்ரோலுக்கும் டயருக்கும் உள்ளே வந்து போகலாம். அவ்வளவுதான் சலுகை. வெளியிலிருந்து பார்த்தால் தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற கார் மாதிரியேதான் இருக்கும். கதவைத் திறந்தால்தான் தெரியும், உள்ளே ஒரே ஒரு சீட்டும் அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டும் தவிர வேறொன்றும் கிடையாது என்று.

பத்தொன்பது கார்களில் அவர்களுடைய சிவப்புக் கார்தான் அப்போது முதலில் போய்க்கொண்டிருந்தது. பதினோரு நொடி பின்னால் நீலக் கார். நீல அணியில் முப்பது பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை, குளிர்சாதனம் வைத்த ஓய்வறை. சிவப்பு அணி என்பது ஒரு ஒர்க்‌ஷாப்பும் அதைச் சுற்றியுள்ள ஒரு குடும்பமும்தான். ஒர்க்‌ஷாப் ஸ்பானரக்காவின் அண்ணனுடையது. அணிக்குத் தலைவரும் அவர்தான். காரை ஓட்டிக்கொண்டிருந்தது அண்ணனின் இரண்டாவது மகன். எல்லோருக்கும் அவன் சின்னவன். பெரியவன் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான், சைக்கிள்கூட ஓட்ட மாட்டான். சின்னவனோடு மாறி மாறி ஓட்டுகிறவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிரைப் பணயம் வைக்கிற மனிதர்.

ஸ்பானரக்காவுக்கு முன்பக்க இடது சக்கரம். கார் வந்து நின்று ஜாக்கில் எழுந்ததும் ஐந்து நட்டுகளைக் கழற்றி, பழைய சக்கரத்தை இழுத்துப் போட்டு, புதியதை மாட்டி, ஐந்தையும் கன்னால் இறுக்க வேண்டும். காற்றில் ஓடுகிற அந்தக் கன் ஒவ்வொரு நட்டிலும் ஒருமுறை ‘டர்ர்ர்’ என்று உறுமி அடங்கும். அவள் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவாள். எண்ணாமல் அவளால் எந்த வேலையும் செய்ய முடியாது. வீட்டிலும் அப்படித்தான். பூட்டை மூன்றுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பாள். அவள் கணவர், ஊருக்குப் போவதென்றால் அவளிடம் ரயில் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லி வைப்பார்.

இந்தமுறை நான்கு எண்ணும்போது பக்கத்து இடத்துக்குள் வேறொரு கார் சீறிக்கொண்டு நுழைந்தது. பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தவர் யாரையோ விலகச் சொல்லிக் கத்தினார். அவள் தலை ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்து அவளுக்கு நினைவிருப்பது, கையை உயர்த்தி ‘முடிந்தது’ என்று காட்டியதுதான். நடுவில் என்ன நடந்தது? கை தானாகவே ஐந்தாவதுக்குப் போயிருக்கும். இருபது வருடப் பழக்கம். போயிருக்கும்தானே?



அவள் கழற்றிப் போட்ட பழைய சக்கரத்தைப் பார்த்தாள், நட்டுகளைப் போட்டு வைக்கிற தட்டைப் பார்த்தாள். தட்டில் நட்டு எதுவும் மிச்சமில்லை. ஆக ஐந்தாவது நட்டு சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கையால் திருகி வைத்த நட்டுக்கும் கன்னால் இறுக்கிய நட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று தளர்ந்தால் மற்ற நான்கின் மேல் பாரம் ஏறும். மூன்றாவது வளைவில் எல்லோரும் ஓரத்து மேட்டில் இடது சக்கரத்தை ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உலுக்கல். இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

சொல்ல வேண்டியதுதான். ஆனால் போன வருடமும் அவள் சொல்லியிருந்தாள். ஏழாவது மணி நேரத்தில், பின்சக்கரத்தில் சந்தேகம் என்றாள். அண்ணன் காரை உள்ளே கூப்பிட்டார். எல்லாம் கல்லுப்போல இருந்தது. பதினான்கு நொடி வித்தியாசத்தில் பந்தயம் கைநழுவிப் போனது. அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று வாரம் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது, நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல், சந்தேகத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்றார். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் யார் என்ன கேட்டாலும், “அக்காகிட்ட கேட்டீங்களா, அவங்களுக்குச் சந்தேகம் இருக்கும்” என்று ஒரு சிரிப்பு.

ஆறு சுற்றுகள் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சிவப்புக் கார் நேர்ச்சாலையில் கடந்து போகும்போது முன்சக்கரத்தையே பார்த்தாள். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சக்கரத்தில் என்ன தெரியும்? ஒரு சாம்பல் வட்டம் தெரியும். ஏழாவது சுற்றில் தாங்க முடியாமல், பாதையோரச் சுவரை ஒட்டி ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போனாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“நிச்சயமாவா?” என்று கேட்டார்.

“இல்ல. நினைவில்லை.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ரேடியோவில் சின்னவனிடம், ஸ்டியரிங்கில் ஏதாவது நடுக்கம் தெரிகிறதா என்று கேட்டார். பதில் வரக் கொஞ்சம் நேரமானது. இல்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னான். அண்ணன் அவள் பக்கம் திரும்பி, கேட்டாயா என்பதுபோலக் கையை விரித்தார். உள்ளே கூப்பிட்டால் அரை நிமிடம் போய்விடும், நீலக் காரைப் பிடிக்க முடியாது, போன வருடம் ஒருமுறை பட்டது போதும் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினார். திரையில் சின்னவனின் சுற்று நேரம் அரை நொடி கூடியிருந்தது. டயர் இன்னும் சூடு பிடிக்கவில்லை போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திரும்பி வந்தவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்போதுதான் நீல அணியின் இடத்தில், கம்பியில் பொருத்தி வைத்திருந்த கேமரா கண்ணில் பட்டது. நீலக்காரர்கள் தங்கள் டயர் மாற்றத்தைப் படம் பிடித்துப் பார்ப்பார்கள். பக்கத்து இடத்தில் நடப்பதையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

நீல அணியில் டயர் வேலைக்குப் பொறுப்பு, தாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவன். மூன்று வருடம் முன்புவரை அவன் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தான். அவன் கிளம்பிப் போனதிலிருந்து அண்ணன் அவன் பெயர் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார். அவனிடம் போய்க் கேட்பதென்றால், எங்கள் சக்கரத்தில் கோளாறு இருக்கலாம் என்று எதிரிக்கே சொல்லிக் கொடுப்பது மாதிரி. அவன் நடுவர்களிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும், காரை நிறுத்தச் சொல்லிக் கொடி காட்டிவிடுவார்கள்.

அவள் போனாள். போகும் வழியெல்லாம் அண்ணன் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று முதுகு கூசியது.

தாடி அதிகம் கேட்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவளை டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய், கையகலத் திரையில் படத்தை ஓட்டிக் காட்டினான். ஒரு நட்டு, இரண்டு, மூன்று, நான்கு. அவள் தலை திரும்புகிறது. பிறகு அவள் உடம்பு சாய்கிறது. சாய்ந்த தோள் சக்கரத்தை மறைத்துவிடுகிறது. கன் ஐந்தாவதின் மேல் போனதா, ஓரமாகவே நின்றதா? சத்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், நுழைந்த காரின் உறுமல் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. நான்குமுறை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவதுமுறை தாடி திரையை அணைத்தான்.

“நானா இருந்தா கூப்பிடுவேன்க்கா.”

“நீ கூப்பிடத்தான் சொல்லுவே. எங்க கார் உள்ள வந்தா உங்களுக்குத்தானே லாபம்.”

“அதுவும் உண்மைதான்” என்றான் தாடி. சிரிக்கவில்லை. “அதுக்காகப் பொய் சொல்லணுமா? சின்னவன் என் கையைப் பிடிச்சு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டவன்.”

நடுவர்களிடம் போவானா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மணி நான்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. சின்னவனின் சுற்று நேரம் இப்போது ஒரு நொடிக்கு மேல் கூடியிருந்தது. நீலக் கார் நான்கு நொடிக்குள் வந்துவிட்டது. அண்ணன் ரேடியோவில், முடுக்கு, முடுக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. சக்கரம் ஆடத் தொடங்கிவிட்டது, அதனால்தான் வேகம் குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அது சந்தேகமாக இல்லை. கண்ணால் பார்த்ததுபோல ஆகிவிட்டது. மூன்றாவது வளைவில் சக்கரம் தனியாகக் கழன்று ஓடுவதையும், கார் மூக்குக் குப்புறத் தரையைக் கீறிக்கொண்டு சுவரை நோக்கிப் போவதையும் கண் முன்னால் பார்த்தாள்.

பல் டாக்டர் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் பேசுகிற பொத்தான் உண்டு. ஆனால் ஓட்டுகிறவனோடு அண்ணனைத் தவிர யாரும் பேசக் கூடாது என்பது அணியின் சட்டம்.

அவள் ஒன்றும் கேட்காமல் அந்த ஹெட்போனையே பார்த்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார், சுவரோரம் அண்ணனின் முதுகைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“நான் பாத்ரூம் போயிருக்கேன்” என்றார். ஆனால் போன திசை பாத்ரூம் அல்ல. தன் ஹெல்மெட் இருந்த அலமாரி.

அவள் பொத்தானை அழுத்தினாள். 

“சின்னவா, அத்தை பேசறேன். இந்தச் சுற்றிலேயே உள்ள வா.”

ஏன் என்று கேட்பான், அப்பாவைக் கூப்பிடு என்பான் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ‘ம்’ என்று மட்டும் சத்தம் வந்தது.

சுவரோரம் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதைப் பார்த்தாள். அவர் ஓடி வருவதற்குள் சிவப்புக் கார், டயர் மாற்ற வந்து நிற்கிற பிட் சாலைக்குள் திரும்பிவிட்டது. வழக்கமாகக் கோடு போட்ட இடத்தில் இம்மி பிசகாமல் நிறுத்துகிறவன், அன்று ஒரு கஜம் தள்ளிப் போய் நின்றான். நேர்ச்சாலையில் நீலக் கார் சத்தத்தோடு கடந்து முதலிடத்துக்குப் போனது.

அவள் மண்டியிட்டாள். கையில் கன் இல்லை. நீளமான டார்க் ஸ்பானர். நட்டு போதுமான அளவு இறுகியிருந்தால் அது ‘டிக்’ என்று சொல்லும், இல்லையென்றால் திரும்பும். ஒன்று, டிக். இரண்டு, டிக். மூன்று, நான்கு, டிக், டிக். ஐந்தாவதில் வைத்து உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்தாள்.

டிக்.

தலைக்கு மேல் அண்ணனின் மூச்சு கேட்டது.   தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. பிறகு எழுந்து, போகலாம் என்று சொல்வதற்காக ஜன்னல் வலையில் கையை வைத்துக் குனிந்தாள்.

சின்னவன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே ஏறியிருந்தது. வண்டிக்குள்ளிருந்து அடுப்பைத் திறந்ததுபோல அனல் வந்தது. அந்த அனலில் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தவனின் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் செக்கச்செவேல் என்று காய்ந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

“சின்னவா.”

“பச்சை விழுந்துடுச்சா?” என்றான். நாக்கு குழறியது.

அங்கே விளக்கே கிடையாது.

“டாக்டர்” என்று அவள் கூப்பிட்டாள்.  ஹெல்மெட்டைப் பாதி மாட்டியிருந்த பல் டாக்டர் வந்து அவன் கன்னத்தில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். இறக்குங்கள் என்றார். அதுவரை அவரை யாரும் அந்தக் குரலில் கேட்டதில்லை. பெல்ட்டைக் கழற்றி இரண்டு பேராகத் தூக்கியபோது அவன் கால்கள் துணிபோலத் தொங்கின. சீட்டுக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. குடிப்பதற்கு ஹெல்மெட்டுக்குள் போகிற தண்ணீர்க் குழாய் எப்போதோ கழன்று, இரண்டு லிட்டரும் தரையில் போயிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணன் காரையும் பார்த்தார், மகனையும் பார்த்தார். கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தங்கையின் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். பல் டாக்டர் சீட்டில் நுழைந்து கிளம்பியபோது இரண்டு சுற்றுகள் போய்விட்டிருந்தன.

அடுத்த ஒரு மணி நேரம் ஸ்பானரக்கா அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. காரை நிறுத்திவிட்டு எல்லோருமாகப் பந்தயத் திடலின் மருத்துவ அறைக்குப் போனால் என்ன? ஆனால் போய் வாசலில் நிற்பதைத் தவிர அங்கே என்ன செய்ய முடியும்? போனை மடியில் வைத்துக்கொண்டாள். அது அடிக்கவில்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் டாக்டர் ரேடியோவில் ஒரே கேள்வி கேட்டார்.

“பையன் எப்படி?”

“தெரியல. நீங்க ரோட்டைப் பாருங்க.”

எட்டுச் சுற்றுக்கு அதே கேள்வி, அதே பதில். ஒன்பதாவதில் அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வேகத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டுங்கள் என்று ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஐந்தாவது நட்டை இறுக்கியது நான்தான், மறந்ததும் நான்தான், அதுவும் நினைவுக்கு வராது, இதுவும் வராது என்று ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் முகம் எப்போது அப்படிக் காய்ந்திருக்கும்? அண்ணன் நடுக்கம் இருக்கிறதா என்று கேட்டபோதேவா? அந்த ஒற்றை வார்த்தைப் பதிலைத் தானும்தான் பக்கத்தில் நின்று கேட்டாள். அவளுக்குச் சக்கரம் மட்டும்தான் காதில் விழுந்தது.

ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தது. அண்ணன்.

“கண்ணைத் திறந்துட்டான். தண்ணி கேட்டான்” என்றார். அவ்வளவுதான். 

அவள் அதை ரேடியோவில் டாக்டரிடம் சொன்னாள். அடுத்த சுற்றை அவர் அன்றைக்கு யாரும் ஓட்டாத வேகத்தில் ஓட்டினார். அவள் அதட்டி அடக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு நீலக் கார் முதலில் கொடியைக் கடந்தது. சிவப்புக் கார் ஐந்தாவது. நீலக்காரர்கள் குதித்துக் கொண்டாடியபோது தாடி மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி இந்தப் பக்கம் வந்தான். சின்னவன் பேசுகிறானா என்று கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

மருத்துவ அறை சின்னது. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் கண் பரிசோதிக்கும் அட்டை. சின்னவன் கையில் ஊசி ஏறியிருக்க, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பைகளோடு படுத்திருந்தான். அங்கிருந்த மருத்துவர், இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் நேர்ச்சாலையிலேயே நினைவு போயிருக்கும் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அதை அண்ணன் தங்கையிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒர்க்‌ஷாப் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நின்று, அக்காவுக்கு முன்கூட்டியே மனசில் பட்டிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவள் திரும்பி, எனக்கு ஒன்றும் படவில்லை, நான் நட்டைத்தான் நினைத்தேன் என்றாள். அவர்கள் நம்பவில்லை. நம்பாத மரியாதையோடு நகர்ந்து போனார்கள்.

சின்னவன் கண்ணைத் திறந்து அவளைக் கண்டுபிடித்தான்.

“நட்டு லூஸா இருந்துச்சா அத்தை?”

“இல்லடா. அஞ்சும் இறுகித்தான் இருந்துச்சு.”

அவன் உதடு லேசாக விரிந்தது. அது வெடித்திருந்ததால் சிரிக்க வலித்தது.

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கோபமாகக் கேட்கத் தொடங்கி, முடிக்கும்போது கோபம் இல்லை.

சின்னவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“சொல்லியிருந்தா உள்ள கூப்பிட்டிருப்பீங்களாப்பா?”

கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல அண்ணன் வாயைத் திறந்தார். தங்கை அங்கே நிற்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, சொல்லவில்லை. மின்விசிறி தலையைத் திருப்பி இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் காற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நழுவியிருந்த ஐஸ் பையை எடுத்துக் கழுத்தில் சரியாக வைத்தார். அது மறுபடி நழுவியது, கையாலேயே பிடித்துக்கொண்டார்.

வெளியே லாரி வந்து நிற்கிறது, காரை ஏற்ற வேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். பந்தயம் முடிந்து காரை லாரியில் ஏற்றுவதும் பட்டை போட்டுக் கட்டுவதும் இருபது வருடமாக அண்ணனின் வேலை. வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது. காய்ச்சலோடுகூட வந்து நின்று கட்டியிருக்கிறார்.

“நீ போய் ஏத்திடு” என்றார் தங்கையிடம், பையைப் பிடித்த கையை எடுக்காமல். “நான் இவன்கூட இருக்கேன்.”

அவள் வெளியே வந்தாள். டாக்டர் காரின் பக்கத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, காரை ஏற்றுகிற பலகையை இறக்கச் சொல்லி லாரிக்காரருக்குக் கையைக் காட்டினாள்.